பனிக்காலக் காய்கறித் தோட்டம்

ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். மார்கழியும் தையும் பனிக்காலம். இந்நான்கு மாதங்களையும் சேர்த்தே தாமிரபரணிக் கரையில் குளிர்காலம் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். பொதிகை மலையில் உற்பத்தியாகி, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலுக்கருகே கடலில் கலக்கும் இந்நதிக்கு இரண்டு பருவமழைகளாலும் நீர் வருகிறது. தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து கார் சாகுபடிக்கு உதவுகிறது. வடகிழக்குப் பருவமழை மலையிலும் சமவெளியிலும் பெய்து பிசானத்துக்கு உதவுகிறது. இத்தகைய பேறு பெற்ற பள்ளத்தாக்கில் குளிர்காலம் வளமான காலமாகவே இருக்கவேண்டும் என்று வெளியூரார் நினைப்பது இயல்பே.

ஆனால், நமது சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும்போது நாம் காண்பது வேறு. நெசவாளர் சங்கங்களில் மழை மாதங்களின் கூலிப் பட்டியல் சுருங்கிப்போகிறது. குழித்தறியில் நீர் ஊறுகிறது; தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிட்டுக் காயவைக்க வெயில் இல்லை; நூல் ஈரம் கோத்துக்கொண்டு இழை அறுகிறது. விவசாயிகளின் நிலையும் இதற்கு அதிக வித்தியாசமானதன்று. பிசான நடவுக்காகக் கையிலிருந்ததையும் கடன் வாங்கியதையும் வயலில் போட்டுவிட்டு, மாசி, பங்குனி அறுவடையை எதிர்நோக்கி அவர்கள் இருக்கிறார்கள். இரு திறத்தாருக்கும் வரவு குறைந்த இதே மாதங்களில்தான் சந்தையில் காய்கறி விலை ஏறுகிறது. மழையால் வரத்துக் குறைகிறது. கார்த்திகை விரதம் தொடங்கியதும் தேவையோ கூடுகிறது. நெசவுக் கூலியையும் நெல்லையும் நம்பியிருக்கும் குடும்பம் அப்போது கறிக்கும் கடன் வாங்க நேருகிறது. சிறிய சிறிய தொகைகளாக வாங்கிய இக்கடன்கள் தை பிறந்தபின்பும் தீராமல் நிற்பதைப் பல குடும்பங்களில் காணலாம்.

இக்குறையை ஒரு காய்கறித் தோட்டம் முழுவதும் போக்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. தோட்டம் தறிக்கூலிக்கு ஈடாகாது. எனினும், ஒரு சென்டு நிலத்தை ஒழுங்காகப் பயிரிட்டால் குளிர்கால மாதங்களில் சமையற்கட்டுச் செலவில் ஒரு நல்ல பகுதியை மிச்சப்படுத்தலாம். அதற்குக் கற்றுக்கொள்ள வேண்டிய முதற்பாடம் ஒன்று உண்டு. பனிக்காலத்தில் காய்க்கும் தோட்டம், பனிக்காலத்தில் தொடங்கப்படுவதன்று, ஆடியிலேயே தொடங்கப்படுவது.

நமது குளிரின் இயல்பு

மேல்நாடுகளில் குளிர்காலம் என்றால் நிலம் உறைந்துவிடும். அங்கே கண்ணாடி வீடுகள் கட்டியும், செடிகளுக்கு மேல் கண்ணாடிக் குடுவைகளைக் கவிழ்த்தும் காய்கறி வளர்த்தார்கள். அந்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து இங்கே தோட்டம் போடுவதில் பயனில்லை. திருநெல்வேலியில் மார்கழி இரவிலும் வெப்பம் 22 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குவதே பெரிது. நமது பயிரை வருத்துவது உறைபனி அன்று. நீர்த்தேக்கமும் இலையின்மேல் படியும் பனி ஈரமும்தான்.

இக்காலத்தில் மற்றொரு மாறுதலும் நடக்கிறது. நமது ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய எட்டே முக்கால் பாகையில் இருப்பதால், ஆனி மாதத்தின் நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே வித்தியாசம். மனிதர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சில பயிர்கள் இதைத் தவறாமல் உணர்கின்றன. பகல் குறுகினால்தான் பூப்போம் என்ற நியதியுடைய அப்பயிர்களே நமது குளிர்காலத் தோட்டத்துக்கு முதுகெலும்பு.

அவரையும் மொச்சையும்

அவற்றில் முதலில் சொல்லத்தக்கது அவரை. பந்தலில் படரும் நாட்டு அவரையும், பொங்கலுக்கு நாம் உரித்துக் குழம்பு வைக்கும் மொச்சையும் தாவர நூலார் கணக்கில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று முன்னோர் சொன்னதன் பொருத்தம் இப்பயிரில் நன்கு விளங்கும். ஆடியில் ஊன்றிய விதை ஆவணி, புரட்டாசியில் கொடியாகி, பந்தலை நிரப்பிக்கொள்கிறது. பகல் குறுகத் தொடங்கியதும் பூவெடுத்து, கார்த்திகை முதல் மாசி வரை காய்க்கிறது.

இவ்வுண்மையை அறியாமல் கார்த்திகையில் விதை ஊன்றுகிறவர்களும் உண்டு. கொடி வளர்வதற்கு முன்பே பூ வந்துவிடுவதால் அவர்களுக்குக் கிடைப்பது சில பிடி காய்களே. தை, மாசியில் ஊன்றினாலோ, பகல் நீளுவதால் கொடி தழைத்துப் படர்ந்துகொண்டே இருக்குமேயன்றிக் காய்க்காது. விதை கெட்டது என்று கடைக்காரரையும், மண் கெட்டது என்று நிலத்தையும் குறை கூறுவதில் பொருளில்லை. ஆடியைத் தவறவிட்டவர்கள் செடி அவரையைப் பயிரிடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள செடி அவரை இனங்கள் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல், விதைத்து இரண்டு மாதத்துக்குள் காய்க்கத் தொடங்குகின்றன. அவற்றுக்குப் பந்தலும் வேண்டுவதில்லை.

சிறுகிழங்கு

நமது பகுதியில் விளையும் மற்றொரு பனிக்காலப் பயிர் சிறுகிழங்கு. தென்காசி, கடையம், பாவூர்சத்திரம் வட்டாரங்களின் செம்மண் நிலங்களில் இது நெடுங்காலமாக விளைகிறது. பனங்கிழங்கு, சேனை, சேம்பு ஆகியவற்றோடு சிறுகிழங்கும் இல்லாத பொங்கற்படி திருநெல்வேலிச் சீமையில் இல்லை எனலாம்.

சிறுகிழங்கைப் பயிரிடும் முறை சிரமமானதன்று. காலந்தவறாமை ஒன்றே முக்கியம். ஆனியில் நல்ல விதைக்கிழங்கை நாற்றங்காலில் ஊன்றவேண்டும். அதிலிருந்து எழும் தண்டுகளின் நுனியை ஒரு சாண் அளவுக்குக் கிள்ளி, ஆவணியில் பார்களின்மேல் நடவேண்டும். நட்ட நாள் முதல் நாலரை மாதத்திலிருந்து ஐந்து மாதத்துக்குள் கிழங்கு முற்றும். ஆகவே, ஆவணி நடுவுக்குள் நட்டு முடித்தவர்களுக்குப் பொங்கற்சந்தை கிடைக்கிறது. புரட்டாசிக் கடைசியில் நட்டவர்களுக்கு மாசிச் சந்தைதான் கிடைக்கும். நட்ட ஒன்றரை மாதத்தில் களையெடுத்து மண் அணைப்பது அவசியம். மண்ணுக்குள் மறைந்த தண்டின் அடிப்பகுதியிலேயே கிழங்கு இறங்குகிறது.

இப்பயிரின் பெரும்பகை வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத இப்புழு தாக்கினால் கிழங்கு முண்டும் முடிச்சுமாகி விலை போகாது. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் சிறுகிழங்கையே நடாமல் மாற்றிப் பயிரிடுவதும், இடையிடையே கேந்தி நடுவதும், நடுமுன் வேப்பம்பிண்ணாக்கு இடுவதும் இதைக் குறைக்கும். திருவனந்தபுரத்தில் 1963ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் 'ஸ்ரீ தாரா' என்னும் சிறுகிழங்கு இனத்தை வெளியிட்டுள்ளது. கோயம்புத்தூர் பல்கலைக்கழகமும் ஓர் இனத்தை அளித்திருக்கிறது. விதைக்கிழங்கை அக்கம்பக்கத்தில் வாங்குபவர்கள், முடிச்சு விழுந்த கிழங்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது.

சிறுகிழங்கைத் தோலுரிப்பது சங்கடம் என்று இளம் குடும்பத்தினர் அதை ஒதுக்குவதாகக் கேள்விப்படுகிறோம். நமது வீட்டுப் பெரியவர்கள் கிழங்கை நனைத்துச் சாக்கில் போட்டுக் கட்டி, தரையில் நாலைந்து முறை அடித்துப் புரட்டித் தோலை நீக்கிவிடுவார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம்.

முதலில் வடிகால், பிறகு விதை

குளிர்காலத் தோட்டம் பலருக்கு முதலாண்டிலேயே அலுத்துப்போவதற்குக் காரணம் விதையுமன்று, உரமுமன்று; தட்டையான பாத்தி. கோடையில் நீரைத் தேக்குவதற்காகக் கட்டும் பாத்தியை ஐப்பசியிலும் அப்படியே வைத்திருந்தால், இரண்டு நாள் மழையில் வேர் மூச்சு முட்டிச் செடி மஞ்சளித்துப்போகும். ஆகவே, புரட்டாசிக்குள் பாத்திகளை அரை அடிக்குக் குறையாமல் உயர்த்தவேண்டும். பாத்தியின் அகலம் மூன்று அடி இருந்தால் போதும். இருபுறமும் உட்கார்ந்து கைநீட்டிக் களையெடுக்கலாம், பாத்தியை மிதிக்கவேண்டியதில்லை. பாத்திகளுக்கிடையே விடும் கால்வழியே வடிகாலாகவும் உதவும். அவ்வழி எங்கே போய் முடிகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். நமது தோட்டத்து நீரை அடுத்த வீட்டுத் தறிக்குழிக்குள் வடிப்பது கூட்டுறவாகாது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில், மார்கழி பிறந்த வேளையில், திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் பெய்த பெருமழையை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு ஊர்களும் வயல்களும் மூழ்கின. 1992ஆம் ஆண்டு நவம்பரிலும் இந்நதி பெருவெள்ளம் கண்டிருக்கிறது. அத்தகைய வெள்ளத்தை எந்த மேட்டுப்பாத்தியும் தாங்காதுதான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வரும் சாதாரண அடைமழையை மேட்டுப்பாத்தி தாங்கும். பெருமழைக்கு நாம் செய்யக்கூடிய காப்பு ஒன்றே. வாங்கிய விதை முழுவதையும் ஒரே நாளில் விதைத்துவிடாமல், பாதியை ஈரம் படாத டப்பாவில் கையிருப்பாக வைத்துக்கொள்ளவேண்டும். கார்த்திகை கழிந்துவிட்டது, இனி மழையில்லை என்ற நம்பிக்கை நமது பள்ளத்தாக்கில் செல்லாது என்பதை 2023 காட்டிவிட்டது.

கத்தரி, தக்காளி நாற்றுகளுக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு வேண்டும். ஈரம் மிகுந்த நாற்றங்காலில் முளைகள் கழுத்தருகே அழுகிச் சாய்வதை நாற்றழுகல் என்கிறோம். நாற்றங்காலை உயர்த்துவதும், விதையை நெருக்கமாகத் தூவாமல் வரிசையாக இடுவதும், ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பதும் நல்ல தடுப்பு முறைகள். வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டிய சிறிதளவு விதைக்கு ஒரு சிட்டிகையே போதும். கனமழை நாட்களில் நாற்றங்காலின்மேல் தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்து, மழை விட்டதும் எடுத்துவிடவேண்டும்.

ஒரு சென்டு தோட்டம்

ஒரு சென்டு என்பது 435 சதுர அடிக்குச் சற்று மேல். புழக்கடையில் இவ்வளவு இடமுள்ள நெசவாளர் வீடுகள் வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களில் இன்றும் உள்ளன. அதில் பத்தடிக்குப் பத்தடி அவரைப் பந்தலுக்கு விடலாம். மூன்றடி அகலமும் பத்தடி நீளமுமான ஆறு பாத்திகளுக்கு 180 சதுர அடி ஆகும். எஞ்சியது நடைவழிக்கும் எருக்குழிக்கும் போதும்.

ஆறு பாத்திகளில் இரண்டைக் கீரைக்கு ஒதுக்குவது நலம். சிறுகீரையும் தண்டுக்கீரையும் மழையின் வேகம் தணிந்தபின் விதைக்கத்தக்கவை; அடைமழையில் விதைத்தால் விதை அடித்துக்கொண்டு போகும். ஒரு பாத்தியை விதைத்துப் பத்து நாள் கழித்து அடுத்ததை விதைத்தால், ஒன்று முடியும்போது மற்றது கைகொடுக்கும். மூன்றாவது பாத்தி முள்ளங்கிக்கு. நேரே விதைத்து, இரண்டங்குலத்துக்கு ஒன்றாகக் கலைத்துவிட்டால் ஏறக்குறைய 45 நாளில் பிடுங்கலாம். கலைத்த இளஞ்செடியும் கீரையாகும். நான்காவது கத்தரி, புரட்டாசியில் நட்ட நாற்று மார்கழி முழுவதும் காய்க்கும். ஐந்தாவது தக்காளி. இரவு குளிரத் தொடங்கியதும் இதன் பூ உதிர்வது குறைந்து பிஞ்சு நன்றாகப் பிடிக்கும். ஆறாவது சின்ன வெங்காயம். நட்டு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆனால் எடுத்துவிடலாம்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒருவருக்கு நாள்தோறும் 400 கிராம் காய்கறி வேண்டும், அதில் 100 கிராம் கீரையாக இருக்கலாம் என்று கூறியிருக்கிறது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அக்கணக்குப்படி நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகிறது. ஒரு சென்டு தோட்டம் இவ்வளவையும் தந்துவிடாது. ஆனால் கீரையைத் தினந்தோறும், காயை இரண்டு நாளுக்கு ஒருமுறை தரக்கூடும். விலைகொடுத்து வாங்கமுடியாமல் கீரையும் காயும் இல்லாமலே உண்ணும் வீட்டுக்கு அது சிறிய உதவியன்று.

எல்லாக் காயும் பனியில் விளையும் என்றும் எண்ணலாகாது. சீனியவரையும் வெண்டையும் வெயிலை விரும்புபவை. பனிக்காலத்தில் மந்தமாகவே வளரும். முருங்கை இம்மாதங்களில் காய்ப்பது அரிது. அதனாலேதான் மார்கழியில் முருங்கைக்காய் எட்டாத விலைக்குப் போகிறது. முட்டைக்கோசும் காலிபிளவரும் மலைப்பிரதேசத்துக் குளிருக்குப் பழகியவை. வெப்பம் தாங்கும் இனமாகத் தேர்ந்தெடுத்து, ஆவணி, புரட்டாசியில் நாற்றுவிட்டால் சமவெளியிலும் ஓரளவு வரும். ஆயினும், முதலாண்டில் அரைப் பாத்திக்கு மேல் அவற்றுக்குக் கொடுக்கவேண்டாம் என்பதே நமது யோசனை.

நெசவாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். அரிசிக் கஞ்சி கழுவிய நீரைப் பாத்திக்கு விடுவதால் கெடுதல் இல்லை. சாயம் தோய்த்த நீரையோ, சாயப் பாத்திரம் கழுவிய நீரையோ ஒருபோதும் விடலாகாது. அதிலுள்ள உப்பும் ரசாயனமும் மண்ணைக் கெடுத்துவிடும்.

பனி ஈரமும் பூச்சியும்

மழை விட்டுப் பனி இறங்கும் மாதங்களில் நீர் பாய்ச்சுவதைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. மாலையில் இலை நனையத் தெளித்தால், இரவுப் பனியும் சேர்ந்து விடியும்வரை இலை ஈரமாகவே இருக்கும். பூஞ்சண நோய்கள் பரவுவதற்கு அதுவே வழி. வெண்டை இலையில் சாம்பல் பூத்ததுபோலத் தோன்றினால், நனையும் கந்தகத் தூளை லிட்டர் நீருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிக்கலாம்.

அவரைக் கொடியின் கொழுந்திலும் பூங்கொத்திலும் கறுப்பாக மொய்க்கும் அசுவினியே இக்காலத்து முக்கியமான பூச்சி. தொடக்கத்தில் மொய்த்த நுனியைக் கிள்ளி எறிந்தால் போதும். மிஞ்சினால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, வடிகட்டி, ஒரு லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வேளையில் தெளிக்கலாம். கொடியில் சிவப்பு உடலும் கறுப்புப் புள்ளியுமுள்ள பொறிவண்டுகள் திரிந்தால் அவற்றை நசுக்கவேண்டாம். அசுவினியைத் தின்பவை அவை.

ஒன்றுகூடி விதைப்போம், ஒரே நாளில் விதைக்கவேண்டாம்

வீட்டுக்குப் போக மிஞ்சுவதை விற்பதற்கும், விற்பனைக்கென்றே பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் கூட்டுறவின் துணை இங்கேதான் தேவைப்படுகிறது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரிகள் போகின்றன. திருநெல்வேலி நயினார்குளம் சந்தை மொத்த வியாபாரத்துக்குப் பெயர்பெற்றது. 1999ஆம் ஆண்டு நவம்பரில் மதுரையில் தொடங்கப்பெற்ற உழவர் சந்தைத் திட்டம் நமது ஊருக்கும் வந்து, விளைவித்தவரே விற்க இடந்தந்திருக்கிறது. சந்தைக்குக் குறைவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே வாரத்தில் தக்காளி நட்டு, எல்லோரும் ஒரே வாரத்தில் கூடையைக் கொண்டுவந்தால், பறிப்புக் கூலிக்குக்கூட விலை கட்டாது. தை, மாசியில் இது நிகழ்வதை ஆண்டுதோறும் காண்கிறோம்.

ஹாலந்து நாட்டில், கோசு விளையும் ப்ரூக் ஓப் லாங்கெடைக் என்னும் ஊரில் 1887ஆம் ஆண்டில் காய்கறி ஏலம் ஒன்று தோன்றியது. வாய்க்கால்களின் வழியே படகில் காய்கறி கொண்டுவந்த விவசாயிகள், வியாபாரியிடம் தனித்தனியே பேரம்பேசித் தோற்பதை விட்டு, வியாபாரிகள் தமக்குள் போட்டியிடும்படி செய்தார்கள். பின்னர் விவசாயிகளின் சங்கங்கள் நடத்திய ஏலங்கள் அந்நாடெங்கும் பரவின. அவர்களுக்கு நம்மைவிடக் கடுங்குளிர். கூட்டு முயற்சியே அவர்களுக்குத் துணையாயிற்று.

நாம் உடனே ஏலக்கூடம் கட்டவேண்டுமென்பதில்லை. நெசவாளர் சங்கங்களின் துணைவிதிகள் காய்கறி வியாபாரத்துக்கு இடந்தராமலிருக்கலாம். ஆனால் ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தோடு கலந்து, ஆனி மாதத்திலேயே விதைத் தேவையைக் கணக்கெடுத்து, மொத்தமாக வரவழைக்க எந்தத் தடையுமில்லை. இருபது குடும்பங்கள் நான்கு பிரிவாகப் பிரிந்து, பத்து நாளுக்கு ஒரு பிரிவாக நாற்று நட்டால், நாற்பது நாளுக்கு அறுவடை பரவிவிடும். ஐயம் கேட்பதற்குக் கிள்ளிகுளம் வ. உ. சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரியும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகமும் அருகிலேயே இருக்கின்றன. சங்கக் கட்டிடத்தின் பின்புறம் ஒரு சென்டு இடமிருந்தால், அதிலேயே ஒரு மாதிரித் தோட்டம் போட்டு, அங்கத்தினர்கள் கண்ணால் கண்டு கற்க ஏற்பாடு செய்யலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விதைத்த நாள், நட்ட நாள், முதற்காய் பறித்த நாள், மழையில் போனது எவ்வளவு என்ற நான்கு விவரங்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவாருங்கள். கூலிக் கணக்கைப் பைசா பிசகாமல் வைத்திருக்கும் நமது அங்கத்தினர்களுக்கு இது பெரிய வேலையன்று. இரண்டு குளிர்காலக் குறிப்புகளை வைத்துக்கொண்டு பார்த்தால், தங்கள் புழக்கடைக்கு எந்தப் பயிர் ஏற்றது, எந்த வாரம் ஏற்றது என்பது தெரிந்துவிடும். வெளியூரிலிருந்து வரும் எந்த அதிகாரியும் அதை அவ்வளவு சரியாகச் சொல்லமுடியாது. ஆனி மாத மகாசபைக் கூட்டத்தில் அக்குறிப்புகளைப் படித்து, ஒருவர் கற்றதை எல்லோரும் கற்கச் செய்யுமாறு சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.